யுரேனஸின் நிலாக்களை வீட்டு மட்டுப்பாவிலிருந்து (மொட்டைமாடியிலிருந்து) படம் பிடிப்பது எப்படி?

வியாழனின் நான்கு பெரிய நிலாக்களையும் சனியின் டைட்டனையும் படமெடுத்துப் பழகியவர்கள் அடுத்து முயல வேண்டியவை யுரேனஸின் டைட்டானியாவும் ஓபரானும். 1787-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த இவற்றின் பொலிவெண் ஏறத்தாழ 14. எண் கூடக் கூட வெளிச்சம் குறையும் என்பதால், 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி ஆடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தேடுவது பெரும்பாடு. அதே தொலைநோக்கியில் பொருத்திய கேமராவுக்கோ பத்து நொடி போதும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானத்தை நம்பலாம். 2026-இல் அந்த மாதங்களில் யுரேனஸ் கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே சுமார் 5 பாகை தள்ளி, முன்னிரவில் உயரமாக நிற்கிறது. கடற்கரை இருட்டாக இருந்தாலும் உப்புக்காற்று கண்ணாடிக்கு ஆகாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே காற்றின் வேகத்தால்தான்; அது தொலைநோக்கியை ஆட்டிவிடும். வீட்டு மட்டுப்பாவே உத்தமம்.

வானம் சுழலும்போது தொலைநோக்கி அதைப் பின்தொடர, அதன் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். நமக்குள்ள உண்மையான இடைஞ்சல் அந்த நட்சத்திரம்தான். இங்கே அது அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. தென்னை மறைக்கும், இல்லையேல் மலை மறைக்கும். ஆகவே வடக்கைப் பகலிலேயே குறித்துவிடுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அன்றைக்குச் சூரியன் உச்சம் கடக்கும் நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் பார்த்து, அந்த நிமிடத்தில் நூலின் நிழல் விழும் கோட்டைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரையுங்கள். இரவில் ஈக்வடோரியல் மவுண்டின் (வான்சுழற்சிக்கேற்பத் தொலைநோக்கியை மோட்டாரால் திருப்பும் தாங்கியின்) அச்சை அக்கோட்டின் வடமுனை நோக்கித் திருப்பி, சாய்வை 8 பாகையில் வைத்தால், பத்து நொடிப் படத்துக்கு அநேகமாகப் போதுமானது. மவுண்ட் அவ்வளவு தாழ்வாகச் சாயுமா என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோகஸை அருகிலுள்ள ரோகிணி நட்சத்திரத்தில் சரிசெய்துவிட்டு யுரேனஸுக்கு நகருங்கள். 5, 10, 15 நொடிகளில் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். கோள் வெளுத்து ஊதிப்போய்த் தெரியும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 4 மைக்ரான் பிக்சலும் இருந்தால், ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.7 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). கோளிலிருந்து அதிகபட்சம் 33 ஆர்க்செகண்ட் விலகும் டைட்டானியா 48 பிக்சல் தள்ளியும், 44 விலகும் ஓபரான் 64 பிக்சல் தள்ளியும் விழும். இந்த இடைவெளியே அவற்றைக் கோளின் ஒளியிலிருந்து காப்பாற்றுகிறது. முப்பது நாற்பது படங்களை ஸ்டாக்கிங் மென்பொருளில் அடுக்கினால் புள்ளிகள் துலங்கும்.

எந்தப் புள்ளி நிலா என்பதில்தான் நான் முதல் முறை ஏமாந்தேன். நியூட்டோனியன் படம் தலைகீழாக இருக்கும் என்பதை மறந்து, ஒரு பின்புல நட்சத்திரத்தை ஓபரான் என்று நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். இப்போது ஒரு படத்தில் மட்டும், ஐந்து நொடி கழித்து மோட்டாரை நிறுத்திவிடுகிறேன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் குண்டாக ஒரு பொட்டும் அதிலிருந்து நீளும் ஒரு கோடும் பதியும். கோடு போகும் பக்கமே மேற்கு. அதை வைத்து ஸ்டெல்லேரியம் வரைபடத்தைத் திருப்பி ஒப்பிடுவது எளிது.

ஐயம் தீரவில்லையென்றால் நான்கு நாள் கழித்து மீண்டும் எடுங்கள். டைட்டானியா 8.7 நாளில் ஒரு சுற்று வருவதால், அதற்குள் கோளின் ஏறத்தாழ எதிர்ப்பக்கத்துக்குப் போயிருக்கும்.