ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கல்லீரல் ஸ்கேனில் நடக்கும் தவறுகள்

சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில் புற்றுநோய் சத்தமில்லாமல்தான் வளரும். வலி, காமாலை, எடைக்குறைவு என்று தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் கட்டி முற்றியிருக்கும். சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம், சுட்டுக் கரைக்கலாம், கல்லீரல் மாற்றுக்கும் போகலாம். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மாற்று சிகிச்சைக்கு உலகெங்கும் பார்க்கப்படும் மிலான் அளவுகோலின்படி, கட்டி ஒன்றாக இருந்தால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

என்னை ரொம்பவும் வருத்துகிற தவறு, “போன தடவை நார்மல்தானே” என்று அடுத்த ஸ்கேனை விட்டுவிடுவது. ஷாங்காயில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பாதிப்புள்ள சுமார் 18,800 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 சதவீதம் குறைந்தது. அதுவும், செய்ய வேண்டிய பரிசோதனைகளில் 58 சதவீதம்தான் நடந்திருந்தன! பயத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதாலும் கூடுதல் பலன் இல்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியது.

ரத்தப் பரிசோதனை போதும் என்று நினைப்பது அடுத்தது. எல்எஃப்டி (கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) புற்றுநோயைத் தேடும் பரிசோதனையே இல்லை. ஏஎஃப்பி, அதாவது கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பது, ஓரளவு உதவும். ஆனால் சின்னக் கட்டி இருக்கும்போதும் அது நார்மலாக வரலாம். ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

ஹெபடைட்டிஸ் சி மருந்தில் குணமாகிவிட்டது, குடியையும் விட்டாயிற்று, இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல விஷயம்தான், ஆபத்தும் குறையும். ஆனால் சிரோசிஸ் இருந்தால் ஸ்கேன் தொடர வேண்டும். அப்புறம் ஹெபடைட்டிஸ் பி: இதில் சிரோசிஸ் இல்லாமலேயே புற்றுநோய் வரும். ஆசியர்களில் 40 வயது தாண்டிய ஆண்களும் 50 தாண்டிய பெண்களும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டியிருக்கலாம்.

ஸ்கேனில் 1 செ.மீ.க்குக் குறைவாக ஏதாவது தெரிந்தால், மூன்று மாதம் போல் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அதற்கு மேல் என்றால் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. உடல் பருமனானவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் கல்லீரல் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. அப்படி ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அது நார்மல் ரிப்போர்ட் ஆகாது. அந்த வரியை டாக்டரிடம் காட்டி, சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கலாமா என்று கேளுங்கள்.