ஹார்ன்பியா டேபோலா என்று கேட்பதற்கு முன்: டெரியர் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஓ என்ற மாடல் ரயில் அளவில் ஒரு டெரியர் (பழைய பிரிட்டிஷ் குட்டி நீராவி இன்ஜின்) வாங்கலாம் என்று மனதில் விழுந்ததுமே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மாடல் செய்யும் கம்பெனிகளில் ஹார்ன்பியா, டேபோலா என்பதுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பத்து விமர்சனம் படித்து, இருபது வீடியோ பார்த்து, கூர்மையான வேலைப்பாடு உள்ளது இதுதான் என்று முடிவுகட்டி, மஞ்சள் வண்ணத்தில் ஜொலிக்கும் 'பாக்ஸ்ஹில்' என்ற டெரியரின் மாடல் ஒன்றை வாங்கிவந்தேன். வீட்டில் நான் மாடலாகக் கட்டிக்கொண்டிருந்ததோ இங்கிலாந்தின் தென்கரையில் 1960 வாக்கில் இருந்த ஹேலிங் தீவுக் கிளை ரயில்பாதை. அந்த வருஷத்தில் அந்தப் பாதையில் ஓடிய டெரியர்கள் எல்லாம் கறுப்பு. பாக்ஸ்ஹில்லோ அதற்குப் பல வருஷம் முன்பே ஓய்வு பெற்று, பழைய வண்ணம் பூசிக் காட்சிக்கு வைக்கப்பட்டுவிட்ட இன்ஜின். மாடலில் ஒரு குறையும் இல்லை, வாங்கியவனிடம்தான் குறை.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். லண்டன் பிரைட்டன் ரயில்வேக்காக வில்லியம் ஸ்ட்ரௌட்லி வடிவமைத்த ஆறு சக்கர டேங்க் இன்ஜின் இது. 1872-லிருந்து 1880 வரை மொத்தம் 50 கட்டினார்கள். எடை சுமார் 28 டன்தான் என்பதால், பலவீனமான பாலங்களும் லேசான தண்டவாளமும் உள்ள இடங்களுக்கு வேறு எதுவும் சரிப்படாது என்ற நிலையில் இதுவே போய் நின்றது. ஹேலிங் பாதையில் லாங்ஸ்டன் மரப்பாலம் கனமான இன்ஜினைத் தாங்காது, அதனால் 1963 நவம்பரில் பாதை மூடப்படும் வரை டெரியர்தான் அங்கே ராஜா. கட்டி 90 வருஷம் ஆன இன்ஜின்கள்!

90 வருஷம் ஓடினால் உருவம் மாறாமல் இருக்குமா? 32640 என்ற ஒரே ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1878-ல் 'பிரைட்டன்' என்ற பெயரில் பிறந்து, அதே வருஷம் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கி, 1902-ல் வைட் தீவுக்கு விற்கப்பட்டு அங்கே 11-ம் எண்ணாகி, பிறகு 'நியூபோர்ட்' என்று பெயர் மாறி, 1947-ல் மறுபடி கரைக்கு வந்து 32640 ஆகி ஹேலிங்கில் ஓடி, அப்புறம் ஒரு விடுமுறை முகாமில் காட்சிப்பொருளாக நின்று, கடைசியில் வைட் தீவுக்கே திரும்பிவிட்டது. இதற்கு நடுவே பாய்லர் மாறியது, பின்பக்கம் நிலக்கரிப் பெட்டி நீண்டது. 1911-லிருந்து புது பாய்லர் போட்டு மாற்றிய டெரியர்களுக்குத்தான் ஏ1எக்ஸ் என்று பெயர். அவற்றில் புகைப்பெட்டி முன்னால் நீண்டிருக்கும், பெரும்பாலானவற்றில் மணல் பெட்டியும் சக்கரக் கவசத்தை விட்டுக் கீழே இறங்கியிருக்கும். ஆகவே எந்த இன்ஜின், எந்த வருஷம் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்த வருஷத்துப் புகைப்படம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகைப்பெட்டியையும் நிலக்கரிப் பெட்டியையும் பாருங்கள். பாதி நேரம் எந்தக் கம்பெனி என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய எண்ணை, வேண்டிய உருவத்தில், ஒரு கம்பெனிதான் செய்திருக்கும்.

அடுத்த தவறு பெட்டியில் உள்ள பெயரை நம்புவது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பல வருஷம் ஹார்ன்பி பெட்டியில் விற்ற டெரியர் உண்மையில் டேபோலின் பழைய வார்ப்பு அச்சில் (மோல்டு) செய்தது, அந்த அச்சை ஹார்ன்பி வாங்கித் தன் பெயரில் ஓட்டிக்கொண்டிருந்தது. 2018 கடைசியில் ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்டு கடை டேபோலோடு சேர்ந்து புத்தம் புது டெரியர் வருகிறது என்று அறிவிக்க, ஹார்ன்பியும் புது அச்சில் தன்னுடையதை அறிவித்தது, 2019-ல் முதலில் கடைக்கு வந்ததும் ஹார்ன்பியுடையதுதான். ஆக 'ஹார்ன்பி டெரியர்' என்று விளம்பரத்தில் பார்த்தால் அது பழசா புதுசா என்று தெரியாது. எந்த வருஷம் வாங்கியது என்று கேளுங்கள், அடிப்பக்கம் போட்டோ கேளுங்கள். அனுப்பத் தயங்குகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

டேபோல் பக்கமும் ஒரு குழி இருக்கிறது. அவர்கள் டெரியரை 'N' கேஜ் என்ற சின்ன அளவிலும் 'O' கேஜ் என்ற பெரிய அளவிலும்கூட விற்றிருக்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்ந்து வாங்கி, வந்து சேர்ந்ததைப் பார்த்தால் கட்டைவிரல் நீளம் இருக்கும். ஓஓ என்றால் 1:76, தண்டவாள அகலம் 16.5 மிமீ, 'N' கேஜ் என்றால் 1:148, 9 மிமீ. விளம்பரத்தில் இந்த எண் இல்லையென்றால் நகருங்கள்.

அப்புறம் வண்ணம். ஸ்ட்ரௌட்லியின் அந்தப் புகழ்பெற்ற நிறத்துக்குப் பெயர் 'மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை', பார்த்தால் மஞ்சள் கலந்த காவி. பெயருக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை இரண்டு கம்பெனியும் அவரவர் கண்ணுக்குப் பட்டபடி கலக்குகிறார்கள், போதாததற்குப் படம் எடுத்தவரின் விளக்கு, உங்கள் போனின் திரை என்று இன்னும் இரண்டு பொய் சேர்கிறது. திரையில் பார்த்து 'இதன் மஞ்சள்தான் சரி' என்று சண்டை போடுபவர்களை நான் இப்போது கண்டுகொள்வதே இல்லை. ஏற்கெனவே உங்களிடம் பிரைட்டன் வண்ணத்தில் ஏதாவது இருந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் கறுப்பில் வாங்கி நிம்மதியாக இருங்கள்.

வேலைப்பாட்டை மட்டும் பார்த்து ஓட்டத்தைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. நிஜ டெரியரில் முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் இடையே 12 அடி, மாடலில் 48 மிமீ. அவ்வளவு குட்டியான இன்ஜினை, நடுவில் மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் துண்டு உள்ள பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் மிக மெதுவாக ஓட்டுங்கள். முதல் சக்கரம் அந்தத் துண்டில் ஏறும், ஒரு சின்ன இருமல், அடுத்த நொடி விளக்கைப் பிடுங்கியதுபோல நின்றுவிடும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போகும், ஆனால் ஒவ்வொரு ஷண்டிங்குக்கும் கடவுள் கை மாதிரி மேலே இருந்து விரல் வந்தால் எப்படி? எத்தனை சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது, உள்ளே எடை எவ்வளவு, மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு உங்கள் ஏற்றத்தில் ஏறுமா என்பதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அந்தக் கடைக்காரர்களுக்கு அது பழக்கம்.

டிசிசி என்பது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி இன்ஜினை ஓட்டும் முறை. 'டிசிசி ரெடி' என்றால் டிசிசி இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கெட் மட்டும்தான் இருக்கும், அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிப்பான டீகோடரைத் தனியாக வாங்க வேண்டும். அதிலும் 6 பின், 8 பின், நெக்ஸ்ட்18, 21 பின் என்று ஆளுக்கொரு வகை. இன்ஜினை வாங்கிய பிறகு டீகோடரை வாங்குங்கள், முன்னால் அல்ல. டெரியர் மாதிரி குட்டி உடம்பில் டீகோடரும் ஸ்பீக்கரும் ஒன்றாக நுழையுமா என்பதும் இரண்டு கம்பெனிக்கும் ஒன்றுபோல இருக்காது, வேலை முடித்த ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அறிவிப்பு வந்த அன்றே முன்பதிவு செய்வதைப் பற்றி இரண்டே வார்த்தை: கணினியில் வரைந்த படத்தை மாடல் என்று நம்பிவிடாதீர்கள். 2015-ல் ஆடம்ஸ் ரேடியல் டேங்க் இன்ஜினை ஹார்ன்பியும் ஆக்ஸ்ஃபோர்டு ரெயிலும் ஒரே வருஷம் கொண்டுவந்தபோதும், இரண்டையும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பொறுமையாக இருந்தவர்களுக்கே கிடைத்தது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் செலவு இன்ஜின் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும், அதனால் உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கிற பக்கம் சாய்வதில் தப்பே இல்லை.

என் ஹேலிங்கில் இப்போது ஓடுவது கறுப்பு 32640, பின்பக்கம் அந்த நீண்ட நிலக்கரிப் பெட்டியோடு. பாக்ஸ்ஹில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தால் மட்டும் அதற்குத் தண்டவாளத்தில் இறங்க அனுமதி. அவனுக்கு 1960-ம் தெரியாது, ஏ1எக்ஸும் தெரியாது. மஞ்சள் வண்டிதான் வேண்டும் என்கிறான்.