காசிமேடு டு புதுச்சேரி: நிதி நடை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு நின்றார்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நிதி திரட்ட மாமல்லபுரம் வரை கடலோரமாக நடக்கப் போகிறார்களாம். நல்ல காரியம். அட்டையின் நடுவில் பெரிதாக ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து பார்த்தேன். வந்தது எந்த டிரஸ்ட் பெயரும் இல்லை, ஒரு பையனின் பெயர்.

"தம்பி, இது யார் கணக்கு?"

"என்னுதுதாண்ணா. எல்லாரும் எனக்கு அனுப்புவாங்க, முடிஞ்சதும் மொத்தமா ஆஸ்பத்திரில கட்டிடுவேன்."

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி நிதி திரட்டப் புதுச்சேரி வரை நடக்கக் கிளம்பியபோது நான் பேசிய அதே பேச்சு. அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவனிடம் சொன்னதையும், விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். தொப்பி போடு, தண்ணீர் குடி, புது ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பாதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்ல உங்கள் அம்மா இருக்கிறார்.

வரைபடத்தில் விரலை வைத்து இழுப்பது

போனில் வரைபடத்தைத் திறந்து, எண்ணூரில் விரல் வைத்து நேராகத் தெற்கே இழுத்தால் கரை ஒரே கோடாகத் தெரியும். நடக்கும்போது அப்படி ஒரு கோடே கிடையாது.

வடசென்னையில் முதல் சிக்கல், மணலே இல்லை என்பது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை பெரும்பாலும் கருங்கல் கொட்டிய தடுப்புச்சுவர், அதை ஒட்டிச் சாலை, சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே கடல் தள்ளிக்கொண்டு வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் காலாற நடப்பவர்கள் எங்கள் வீட்டு மணலில்தான் நடக்கிறார்கள் என்று ராயபுரத்தில் பெருசுகள் சொல்வதுண்டு. வேடிக்கையாகத்தான் சொல்வார்கள், ஆனால் கணக்கு சரி. ஆகவே எண்ணூரிலிருந்து கிளம்பினால் இந்தப் பகுதியை விடியற்காலையில், லாரிகள் வரிசை கட்டும் முன்னால், ஒற்றை வரிசையில் சாலையோரமாகக் கடந்துவிடுங்கள். படம் எடுக்கவென்று கருங்கல் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும்.

அப்புறம் துறைமுகம். உள்ளே விடமாட்டார்கள், ராஜாஜி சாலைதான் வழி. கூவத்துக்கு நேப்பியர் பாலம். அடையாறு கடலில் சேரும் இடத்தில் உடைந்த பாலம் பல பத்தாண்டுகளாக உடைந்தேதான் கிடக்கிறது, சுற்றிக்கொண்டு திரு.வி.க. பாலம் போக வேண்டும். முட்டுக்காட்டில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம். கல்பாக்கம் அணுமின் நிலையம் வந்தால் கரையை மறந்துவிட்டுச் சாலைக்கு ஏறிவிடுங்கள். அதற்குத் தெற்கே பாலாறு. காசிமேட்டிலிருந்து புதுச்சேரி சுமார் 160 கிலோமீட்டர். அதில் மணலில் கால் படுவது பாதியாவது இருக்குமா என்பது சந்தேகம்.

முகத்துவாரத்தில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். காலையில் வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கியிருக்கும்போது, முழங்கால் அளவு இருந்த தண்ணீர், ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வந்தால் வேறு தண்ணீர். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இன்னும் அதிகம். நேற்று இருந்த மணல்திட்டு இன்று இருக்காது. "நேத்து கூட நடந்து போனாங்க" என்று யார் சொன்னாலும் பாலத்துக்கு நடங்கள்.

சாய்ந்த மணல்

தெற்கே நடந்தால் கடல் இடது கைப்பக்கம். கரை கடலை நோக்கிச் சரிவதால் நாள் முழுக்க இடது கால் பள்ளத்திலும் வலது கால் மேட்டிலும் நடக்கும். இரண்டாம் நாள் இடது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். பாதி பேர் அதை ஷூ கோளாறு என்று நினைத்து ஷூவை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது தரையை. வற்றத்தின்போது ஈரமணல் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும், அந்த நேரத்தில் கரையில் நடங்கள். ஏற்றம் வந்ததும் சாலைக்கு ஏறுங்கள். ஓத நேரம், அதாவது இந்த ஏற்றமும் வற்றமும் வரும் நேரம், தினமும் முக்கால் மணிக்கும் மேலாகத் தள்ளிப்போகும், அதனால் முதல் நாள் அட்டவணையையே ஏழு நாள் நடைக்கும் ஓட்டாதீர்கள்.

காலை வெயிலும் இடது பக்கம்தான். எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் இடது காது மட்டும் தோல் உரிந்தது.

நன்கொடையைச் சொந்தக் கணக்கில் வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் குப்பத்தில் பிள்ளைகள் சாயங்காலம் படிக்கிற ஒரு கூடம் இருக்கிறது. அதற்குக் கூரை மாற்றவும் பெஞ்சு வாங்கவும் பணம் வேண்டும். பதினாலு பேர் கிளம்பினோம். என் சம்பளக் கணக்கின் கியூஆர் கோடு டி-ஷர்ட்டின் முதுகில், அட்டையில், வாட்ஸப்பில். பின்னால் நடக்கிறவர் முதுகைப் பார்த்தே பணம் அனுப்பலாம் என்று நானே பெருமையடித்துக்கொண்டேன். மூன்று நாளில் முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு மேல் அனுப்பினார்கள். ஐம்பது, நூறு, ஐந்நூறு. கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம்.

நாலாம் நாள் காலை புதுப்பட்டினத்தில் பதினாலு பேரும் இட்லி சாப்பிட்டு முடித்தோம். கடைக்காரம்மாவுக்குப் பணம் அனுப்பப் பார்க்கிறேன், போகவில்லை. நெட்வொர்க் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன், போகவில்லை. வங்கிக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு சொன்னார்கள்: உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, வேறு மாநிலத்தில் சைபர் புகார்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. எங்கேயோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கணக்கு மாறி, அதில் ஒரு துளி, 750 ரூபாய், எனக்கு நன்கொடையாக வந்திருக்கிறது. அனுப்பியவர் திருடனா, அவரும் என்னைப் போல அப்பாவியா, இன்று வரை தெரியாது. புகார் வந்ததும் பணம் போன பாதையில் இருக்கிற கணக்குகளை நிறுத்தி வைக்கிறார்கள். மோசடியில் இழந்தவருக்கு அது நல்லதுதான். ஆனால் 750 ரூபாய்க்கு என் மொத்தக் கணக்கும் நின்றது. நன்கொடையோடு என் சம்பளம், வீட்டு வாடகை, வண்டி இஎம்ஐ எல்லாம் உள்ளே. டெம்போவுக்கு டீசல் போடக் கையில் காசில்லை. கூட வந்த அக்கா ஒருவர் கம்மலை அடகு வைத்துத்தான் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

கணக்கு திறக்க ஐந்து மாதம். கடிதம், மின்னஞ்சல், எல்லாருடைய ஆதார் நகல், நடைப்பயணத்தின் போட்டோக்கள். அதற்குள் பள்ளி திறந்துவிட்டது, கூரை மாறவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். குப்பத்தில் பேசிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. "அவன் ஆட்டையப் போட்டுட்டான்." கணக்கு முடங்கிய கதையைச் சொன்னால் யார் நம்புவார்? ஏமாற்றுகிறவன் சொல்கிற கதையும் அப்படியேதானே இருக்கும்.

பணம் வந்த பிறகு இன்னொரு தலைவலி. அதே கணக்கிலிருந்துதான் மூன்று நாள் டீ, பேண்டேஜ், டீசல் எல்லாம் போயிருந்தது. நான் கையிலிருந்து போட்டது எவ்வளவு, நன்கொடையில் கை வைத்தது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் செலவு முழுவதையும் நானே ஏற்று, பதினோராயிரம் சேர்த்துக் கட்டினேன். ஒரு பைசா எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். காகிதத்தில் காட்ட முடியவில்லை.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்றால், பணம் எங்கள் கையைத் தொடுவதே இல்லை. பதிவு பெற்ற ஓர் அமைப்பிடம் முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுகிறோம். அட்டையில் இருப்பது அவர்களுடைய கணக்கின் கியூஆர். ஸ்கேன் செய்தால் அமைப்பின் பெயர் வர வேண்டும், வராவிட்டால் அனுப்பாதீர்கள் என்று அட்டையிலேயே எழுதி வைக்கிறோம். தினமும் ராத்திரி எவ்வளவு வந்தது என்று அவர்கள் சொல்வார்கள், நாங்கள் குழுவில் போடுவோம். வழிச்செலவு தனி. நடக்கிற ஒவ்வொருவரும் கிளம்பும் முன்பே தலைக்கு 2,500 ரூபாய் போட வேண்டும். டி-ஷர்ட், பேனர் செலவும் அதில்தான். நன்கொடைக் காசில் ஓர் இட்லி கூடக் கிடையாது.

நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வாங்க 80ஜி ரசீது கேட்பவர்கள் வருவார்கள். அதையும் அமைப்புதான் தர முடியும், உங்களால் முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் கொடுக்கிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்குச் சலுகையே இல்லை. பிறகு தெரிந்தால் கோபம் உங்கள் மேல்தான் வரும்.

அப்புறம் வெளிநாட்டுச் சித்தப்பா. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு உள்ள அமைப்பு, அதற்கென்று தில்லியில் ஸ்டேட் பாங்கில் வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்கலாம். பாசத்தோடு உங்கள் போனுக்கு அனுப்பினாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "டி-ஷர்ட் பிரிண்ட் பண்ணியாச்சேண்ணா" என்றான். முதுகில் ஒரு துணி ஒட்டித் தைத்துக்கொள் என்றேன்.

"கிலோமீட்டருக்கு இவ்வளவு தர்றேன்"

நடக்கும் முன்பே வாங்குங்கள்.

ஒரே ஒரு கடிதம்

உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டால் புதுச்சேரி வரைக்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். வழியில் சென்னை, தாம்பரம் ஆணையரகம், செங்கல்பட்டு மாவட்டம், விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரி என்று ஐந்து எல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், முத்திரை வைத்த நகல் கையில். நகலை டெம்போவில் வைக்காதீர்கள், டெம்போ எப்போதும் பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

ட்ரோன்

துறைமுகம், கல்பாக்கம் பக்கமெல்லாம் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பெண்களின் தண்ணீர் பாட்டில்

என் இரண்டாவது நடையில் மூன்று பெண்கள் ஒரே நாளில் மயங்கி உட்கார்ந்தார்கள். வெயில் அவ்வளவு இல்லை, ஜனவரி மாதம். பாட்டில்களைப் பார்த்தேன், மூன்றும் நிரம்பியே இருந்தன. கழிப்பறை எங்கே என்று தெரியாததால் காலையிலிருந்து அவர்கள் குடிக்கவே இல்லை. வழி போட்ட நாங்கள் எல்லாரும் ஆண்கள், யாருக்கும் அது தோன்றவே இல்லை. இப்போது வழியை வரையும்போதே பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கோயில் என்று கழிப்பறை உள்ள இடங்களை முதலில் குறிக்கிறோம். எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பட்டியலைப் போடுவதும் பெண்கள்தான்.

வழியில் யாராவது சாப்பாடு போடுவார்கள்

1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் தடையை மீறி, மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நாட்டுக்காக நடந்தார்கள். உங்களுக்காக ஈசிஆரில் யாரும் மரத்தில் கட்டமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டை முதல் நாளே சொல்லி வையுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காமல் உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள்.

குப்பத்துக்குள் கோஷம் போட்டு நுழைவது

நான் குப்பத்துக்காரன், அதனால் சொல்கிறேன். இரவெல்லாம் கடலில் கிடந்தவன் பகலில் தூங்குகிற நேரத்தில் மைக் வைத்துக்கொண்டு வராதீர்கள். காய வைத்த வலையைச் செருப்புக் காலால் மிதிக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் தண்ணீரும் நிழலும் தானாகக் கிடைக்கும். அங்கே உண்டியலை மட்டும் நீட்டாதீர்கள். பல குப்பங்களில் நிலைமை நீங்கள் நிதி திரட்டுகிற இடத்தை விட மோசமாக இருக்கும்.

தலையில் டார்ச்

ஜனவரி பிறந்தால், பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். இருட்டில் மணலில் விளக்கடித்துக்கொண்டு நடந்தால் ஆமை திரும்பிப் போய்விடும். விடியும் வரை சாலையில் நடங்கள்.

காணும் பொங்கலன்று மெரினா

வேண்டாம்.

திரும்பி வருவது

ஏழு நாளையும் மணிக்கணக்காகத் திட்டமிட்ட எனக்கு, எட்டாம் நாள் ஒன்று இருப்பது புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில்தான் ஞாபகம் வந்தது. டெம்போவை முதல் நாள் ராத்திரியே அனுப்பிவிட்டேன். பதினாலு பேர், வீங்கின கால், நிற்கக்கூட இடமில்லாத பஸ். சென்னை வந்து இறங்கியதும் காசிமேட்டுக்கு இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்றேன். ஒருத்தரும் என்னோடு பேசவில்லை.