கலைஞரிடம், விஞ்ஞானியிடம் பேசப் போகும்போது

"இந்த யோசனை எப்படி வந்தது?" என்று தொடங்காதீர்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவரிடம் அப்படிக் கேட்டால் "எல்லாம் பழக்கம்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அக்கா, எந்த இடத்துல பிரிச்சுட்டுத் திரும்ப நெய்வீங்க?" என்று கேளுங்கள். பட்டுப்பாய்க்கு (பட்டுபோல் மெல்லிய கோரைப்பாய்) கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்க வேண்டும், எந்தக் கோரையை ஒதுக்க வேண்டும் என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். கைவிட்டதைப் பற்றிக் கேட்டால்தான் ஒருவருடைய தேர்வு எப்படி நடக்கிறது என்பது தெரியும்.

வில்லுப்பாட்டுக்காரர் என்றால் கோயில் கொடை (திருவிழா) நடக்கும் இரவில் தொந்தரவு செய்ய வேண்டாம். தூங்கி எழுந்த மறுநாள் சாயங்காலம் போய், "அண்ணாச்சி, கூட்டம் அசந்தா கதையில எதை விடுவீங்க?" என்று கேளுங்கள்.

விஞ்ஞானிக்கும் இதே வழிதான். திருநெல்வேலி புவிகாந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) அருகில் இருப்பதால், அந்தக் கோட்டையொட்டி வானில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை அங்குள்ள கிருஷ்ணாபுரம் ஆய்வகத்தில் ஆராய்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம், "எந்த அளவீட்டை முதலில் நம்பவில்லை, ஏன்?" என்று கேட்கலாம்.

அப்புறம், பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் நல்ல விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். ஒலிப்பதிவுக்கு முன்பு அனுமதி கேட்டுவிட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.