சொந்தத் தெருவில் வண்டி விட இடம்: நாகர்கோவில் தெருக்காரர்களுக்கு ஒரு பர்மிட் வழிகாட்டி

வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம், செட்டிகுளம் பக்கத்துக் கடைவீதிகளை ஒட்டிய உள்தெருக்களில் காலை பத்து மணிக்கு மேல் நிலைமை ஒன்றுதான். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். டயாலிசிஸ் முடிந்த அம்மாவைக் கூட்டிவருகிற வீட்டுக்காரர் காரை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வெயிலில் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. குடியிருப்போருக்கான பார்க்கிங் பர்மிட் என்பது இந்தக் கஷ்டத்துக்கு உண்டான மருந்து. லண்டனில் பல பகுதிகளில் இது பல காலமாக நடைமுறையில் இருக்கிறது. டெல்லியின் 2019 பார்க்கிங் விதிகளிலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். பர்மிட் புதிதாக இடத்தை உண்டாக்காது, இருக்கிற இடத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதைத்தான் தீர்மானிக்கும். ‘என் வீட்டு வாசல் எனக்கு’ என்ற பாத்தியதையும் அதில் கிடையாது. பர்மிட் உள்ளவர் அந்த வட்டாரத்தில் வண்டி விடக் குறித்த கட்டங்களில் காலியாக இருக்கிற எதிலும் விடலாம், எதிர்வீட்டுக்காரர் உங்கள் மதில் ஓரத்திலும் விடுவார். இது விளங்காமல் ஆரம்பித்தால் முதல் மாதமே சண்டை வரும்.

முதல் வேலை: எண்ணுவது

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை ஐந்து மணிக்குத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் எழுதுங்கள். காரா, பைக்கா, லோடு ஆட்டோவா என்றும் குறியுங்கள். அந்த நேரத்தில் நிற்பவை பெரும்பாலும் தெருக்காரர் வண்டிகள்தான். பிறகு காலை பதினொன்று, மாலை ஏழு, இரவு பத்தரை என்று இன்னும் மூன்று நடை. பதினொரு மணிப் பட்டியலில் ஐந்து மணிப் பட்டியலோடு ஒத்துப்போகிற எண்களை அடித்துவிட்டால், மிச்சம் இருப்பது வெளி வண்டிகள்.

இதைக் குறைந்தது மூன்று நாள் செய்ய வேண்டும்: ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாள். நாகராஜா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆவணி ஞாயிறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தனித் தாளில் வையுங்கள். அந்த நாள் கணக்கைச் சராசரியில் கலந்தால் மனுவைப் படிக்கிற அதிகாரி முழுக் கணக்கையும் நம்பமாட்டார்.

பகலில் பாதிக்கு மேல் வெளி வண்டி என்றால் பர்மிட் நிச்சயம் உதவும். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை மட்டும் நடைமுறையில் இருந்தால் போதும். அதிகாலை ஐந்து மணிக்கே தெரு நிரம்பி வழிகிறது என்றால் பிரச்சினை வெளியாட்களால் வருவதில்லை, வீடுகளில்தான் வண்டி அதிகம். அங்கே பர்மிட் கேட்டு அலைவதைவிட, பக்கத்தில் இரவில் சும்மா கிடக்கிற மண்டப வளாகத்தையோ பள்ளி மைதானத்தையோ மாத வாடகைக்குப் பேசுவது மேல்.

இரண்டாவது: டேப் பிடிப்பது

பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்று வைத்து, தெரு நீளத்தை ஆறால் வகுத்து ‘முப்பது கார் விடலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறான கணக்கு.

முதலில் அகலம். ஓடைக்கு மேல் போட்டிருக்கிற ஸ்லாப்பை அகலத்தில் சேர்க்காதீர்கள். ஆள் நடக்கப் போட்ட ஸ்லாப்பில் கார் சக்கரம் தினமும் ஏறினால் உடையும், மழைக்காலத்தில் ஓடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஸ்லாப்பை விட்டு அளந்த அகலத்தில் கார் நிற்க 2 மீட்டர் கழியுங்கள். மிச்சம் 3.5 மீட்டராவது இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய 2.5 மீட்டர், அது தெருமுனையில் திரும்பவும் வேண்டும். ஆக 5.5 மீட்டருக்குக் குறைந்த தெருவில் கார் கட்டமே போடக்கூடாது. முடுக்குகளில் பைக்கைச் சாய்வாக விட இடம் குறிக்கலாம், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

அடுத்து நீளம். இரண்டு முனையிலும் திரும்புவதற்கு இடம் விடுங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் குறைந்தது 3.5 மீட்டர் கழியுங்கள். டிரான்ஸ்பார்மர், தண்ணீர் வால்வு, பாதாளச் சாக்கடை மூடி, குப்பை வண்டி நிற்கிற இடம், ரேஷன் கடைக்கு லாரி சரக்கு இறக்குகிற இடம் எல்லாவற்றையும் கழியுங்கள். அதன்பின் இருப்பது ஒரே நீளமாக இருக்காது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனியாக அளக்க வேண்டும். ஒரு தெருவில் கிடைத்த துண்டுகள் 9, 4.5, 12, 5, 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 37.5 மீட்டர். ஆறால் வகுத்தால் ஆறு கார் வரும். ஆனால் தரையில் பார்த்தால் 9-இல் ஒன்று, 12-இல் இரண்டு, 7-இல் ஒன்று, ஆக நான்குதான். 5 மீட்டர் துண்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கார் ஒன்றை நெருக்கி விடலாம், இன்னோவா நிற்காது. 4.5 மீட்டர் துண்டையும் 9-இல் மிஞ்சுகிற 3 மீட்டரையும் பைக்குகளுக்குக் கொடுங்கள். ஒரு பைக்குக்கு 90 சென்டிமீட்டர் என்றால் அங்கே ஐந்து, இங்கே மூன்று. அப்படி அளந்த வரைபடத்தை ஒரே தாளில் போட்டு மனுவோடு இணையுங்கள்.

எத்தனை தெரு?

ஒரு தெருவுக்கு மட்டும் பர்மிட் வாங்கினால் வெளி வண்டிகள் எல்லாம் மறுநாளே அடுத்த தெருவுக்குப் போய் நிற்கும், அங்கிருந்து எதிர்ப்பு மனு வரும். ஒன்றோடொன்று ஒட்டிய நாலைந்து தெருக்களை ஒரு வட்டாரமாகச் சேர்த்துக் கேளுங்கள். அதற்காக வார்டு முழுவதையும் ஒரே வட்டாரமாக்கவும் வேண்டாம். ஒரு கோடியில் குடியிருப்பவர் பர்மிட்டைக் காட்டி மறு கோடியில் கடைக்குப் பக்கத்தில் காரை விட ஆரம்பிப்பார்.

யாருக்கு, எத்தனை?

வீட்டுக்குள் ஷெட் இல்லாத வீட்டின் முதல் கார், பிறகு ஷெட் இல்லாத வீட்டின் இரண்டாவது கார், கடைசியாக ஷெட் உள்ள வீடுகள். இந்த வரிசை நியாயமாக இருக்கும். ஷெட்டைக் குடோனாக்கி வைத்திருப்பவரும் கடைசி வரிசையில்தான் வர வேண்டும், இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கும், தொடர்ந்து சிகிச்சைக்குப் போகிறவருக்கும் வாசலை ஒட்டிய கட்டத்தைக் குறித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவரை விட்டுவிடக் கூடாது. வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்க, தெருவில் இருந்து அவதிப்படுவது வாடகைக்காரர்தான்.

அத்தாட்சியாக ஆர்.சி. புத்தக முகவரியை மட்டும் கேட்டால் இந்த மாவட்டத்தில் சிக்கல் வரும். நாகர்கோவில் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75 எண்களோடு கே.எல். வண்டிகளும் இங்கே நிறைய ஓடுகின்றன. வெளிநாட்டில் இருக்கிற மகன் பேரில் கார், ஓட்டுவது அப்பா என்பதும் சாதாரணம். ஆகவே குடியிருப்புக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. குடியிருப்புக்கு வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம். வண்டிக்கு ஆர்.சி.யும் நடப்பு இன்சூரன்சும், வண்டி வேறொருவர் பேரில் என்றால் அவர் எழுதிக் கொடுத்த கடிதமும். கே.எல். வண்டிக்காரருக்கு ஒன்றை நினைவூட்டுங்கள்: வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே பதிவை மாற்ற வேண்டும்.

பகல் நேர பர்மிட் என்றால் பத்துக் கட்டத்துக்குப் பன்னிரண்டு பர்மிட் வரை கொடுக்கலாம், நாலு பேராவது வேலைக்குப் போயிருப்பார்கள். இரவுக்கும் சேர்த்து என்றால் கட்டத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது.

விருந்தாளியும் துட்டி வீடும்

வீட்டுக்கு மாதம் பத்து சீட்டு என்ற கணக்கில் விருந்தினர் சீட்டு கொடுப்பது போதுமானது. சீட்டில் வண்டி எண்ணையும் தேதியையும் பேனாவால் எழுதி, கண்ணாடிக்குள் தெரிகிறமாதிரி வைக்க வேண்டும். எண் எழுத இடம் இல்லாத சீட்டு அச்சடித்தால் அது பக்கத்துக் கடைக்காரர் கைக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக்கு மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் தற்காலிக அனுமதி என்று விதி வையுங்கள். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு, எந்த விதியும் வேண்டாம், பதினாறாம் நாள் வரை அந்தத் தெருவில் சோதனையே கூடாது என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடிகிற நாட்களுக்கும் நாகராஜா கோயில் தைத் திருவிழாவுக்கும் போலீஸ் தனிப் போக்குவரத்து ஏற்பாடு செய்தால், அந்த நாட்களில் பர்மிட் அதற்கு அடங்கியதுதான்.

மனு எங்கே?

தெருக்காரர்களாகவே ‘இங்கே வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு வைப்பதும், கல்லையும் பூந்தொட்டியையும் வைத்து இடம் பிடிப்பதும் செல்லாது. பொதுத் தெருவில் அது ஆக்கிரமிப்பு, புகார் கொடுத்தால் உங்கள் மேல்தான் நடவடிக்கை வரும். வாகனங்கள் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117-இன்படி மாநில அரசும் அது அதிகாரம் கொடுத்த அதிகாரியும், உள்ளாட்சியோடு கலந்து. போர்டு வைக்கும் அதிகாரம் பிரிவு 116-இல் வருகிறது.

ஆகவே முதலில் வார்டு கவுன்சிலரிடம் பேசி, வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடுகிற பகுதி சபா கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அந்தத் தீர்மானம், எண்ணிக்கைத் தாள், வரைபடம், வீட்டுக்கு ஒரு கையெழுத்து, இந்த நான்கையும் இணைத்து மாநகராட்சி ஆணையருக்கு மனு. நகல் போக்குவரத்து போலீசுக்கு. கையெழுத்துத் தாளில் கதவு எண், எத்தனை வண்டி, ஷெட் உண்டா என்ற மூன்று பத்தியும் இருக்கட்டும். பதில் வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைப் பதிவு செய்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் மனு கொடுத்தால் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே கோப்பு அலையும்.

மனுவில் சேர்க்க வேண்டிய முக்கியமான வரி: ‘கட்டணம் மாநகராட்சி ரசீதில் மட்டும் வசூலிக்கப்பட வேண்டும்.’ சங்கம் பணம் தொட்டால் சந்தேகம் முளைக்கும், ஏற்பாடு ஒரு வருஷம் தாங்காது.

ஸ்டிக்கரும் சோதனையும்

காரில் கண்ணாடியின் உள்பக்கம், இடதுபக்கக் கீழ் மூலையில் ஒட்டுவது வசதி. வண்டி எண், வட்டார எழுத்து, முடிகிற மாதம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நிறம். சாதாரண இன்க்ஜெட் அச்சு வெயிலில் வெளிறிவிடும், வெளிப்பக்கம் ஒட்டினால் இரண்டு பருவமழையும் அதைக் கரைத்துவிடும். பைக்குக்கு ஸ்டிக்கரே வேண்டாம், பிய்த்துவிடுவார்கள். பைக் எண்களின் பட்டியலைச் சோதனைக்கு வருபவரிடம் கொடுப்பதுதான் நிலைக்கும்.

தவறாக நிற்கிற வண்டிக்கு அபராதம் போடுவது போலீஸ் வேலை. பிரிவு 177-இல் முதல் முறை 500, அடுத்த முறை 1500 ரூபாய் வரை. தடை செய்த இடத்தில் விட்டுப்போன வண்டியை அப்புறப்படுத்தப் பிரிவு 127 இருக்கிறது. தெருக்காரர் செய்யக்கூடியது போட்டோ எடுத்துத் தகவல் சொல்வது மட்டும். காற்றைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது, கண்ணாடியில் பசை தடவி நோட்டீஸ் ஒட்டுவது எதுவும் கூடாது. முதல் பதினைந்து நாள் அபராதம் இல்லாமல் எச்சரிக்கைச் சீட்டு மட்டும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கடைக்கு வருகிறவர்களுக்கு விஷயம் பரவ அவ்வளவு நாள் ஆகும்.

மூன்று மாதம் கழித்து அதே நேரங்களில், அதே நோட்டோடு மறுபடியும் நடந்து எண்ணுங்கள். உங்கள் தெருவோடு, வட்டாரத்துக்கு வெளியே அடுத்து இருக்கிற இரண்டு தெருக்களையும் சேர்த்து. அங்கே பதினொரு மணிக் கணக்கு ஏறியிருந்தால், அந்தத் தெருக்காரர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே அவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பகுதி சபாவுக்குப் போங்கள்.