டிஸ்னி வேர்ல்டில் திருமண நாள் விருந்து: பட்ஜெட் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்லாண்டோ பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இந்த போன் அடிக்கடி வரும். "டிஸ்னிக்கு வர்றோம், எங்க கல்யாண நாளும் அந்த வாரம்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்? ரொம்பச் செலவாகக் கூடாது." கேட்பவர்கள் புதிதாகத் திருமணமானவர்களாக இருக்கலாம், இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களாகவும் இருக்கலாம். சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. முன்பதிவு செய்ய மறப்பது, மெனுவைப் பார்க்காமல் போவது இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே மாட்டிக்கொள்ளும் இடங்களைத்தான் எழுதுகிறேன்.

வாணவேடிக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே பில்லில் பணம் கட்டுவது

இந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிஸ்னி வேர்ல்டின் தீம் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு எதிரே செவன் சீஸ் லகூன் என்ற பெரிய ஏரி இருக்கிறது. கான்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் ஆகிய ஹோட்டல்களை மோனோரயில் அந்தப் பகுதியில் இணைக்கிறது. இரவு மேஜிக் கிங்டம் கோட்டைக்கு மேலே வெடிக்கும் வாணவேடிக்கை இங்கிருந்தே நன்றாகத் தெரியும். கான்டெம்பரரியின் 15-வது மாடியில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில்லும் கிராண்ட் ஃப்ளோரிடியனின் நீரோரத்தில் இருக்கும் நார்கூஸீஸும் பிரபலமாக இருப்பதற்கு இந்தக் காட்சி ஒரு பெரிய காரணம். இரண்டிலும் சமையல் தரமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். வாணவேடிக்கைக்காகப் போகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை.

என் அக்கா மகனும் அவன் மனைவியும் டல்லாஸிலிருந்து முதல் திருமண நாளுக்கு வந்திருந்தார்கள். ஏரி தெரிகிற உணவகம் ஒன்றில் மாதக்கணக்கில் திட்டமிட்டு இடம் பிடித்தார்கள். பெயர் வேண்டாம். உணவகத்தின் மேல் குற்றமே இல்லை, பரிமாறியவர்களும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் இவர்களுக்குக் கிடைத்த மேசை உள் சுவரை ஒட்டி இருந்தது. முதல் வெடிச் சத்தம் கேட்டபோது பிரதான உணவு அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது. அவள் வெளியே ஓட, அவன் பர்ஸையும் பையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் சேர்ந்து பார்த்தது கடைசிச் சில நிமிடங்கள்தான். திரும்பி வந்தால் தட்டு ஆறிப்போயிருந்தது. "சித்தி, ஜன்னல்கிட்ட இடம் கொடுப்பாங்கன்னு நெனச்சோம்" என்று அவன் சொன்னபோது எனக்கு மனசே கேட்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் போனார்களே, அதுதான் உறுத்தியது.

ஏன் இப்படி நடக்கிறது? உணவக முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் முன்பே, தங்கும் நாட்களுக்கும் (அதிகபட்சம் 10 நாள்) சேர்த்துப் பதிவு செய்யலாம். அவ்வளவு முன்னதாக மேசையைப் பிடித்த பிறகு வாணவேடிக்கை நேரம் மாறினால் உங்கள் மேசை நேரம் தானாக மாறாது. ஜன்னலோர மேசையைக் கேட்கலாம், ஆனால் உறுதி தரமாட்டார்கள். சமையலறையின் வேகமும் வானத்தின் வேகமும் ஒன்றல்ல. இத்தனையும் கூடி வந்தால்தான் நீங்கள் நினைத்த இரவு அமையும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று நிலையான விலை வைப்பதுண்டு. பசி குறைவாக இருந்தாலும் அதே விலைதான். தலைக்கு 90 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 180. ஆளுக்கொரு பானம் 18 டாலர் என்றால் மொத்தம் 216. ஆரஞ்ச் கவுண்டி விற்பனை வரி 6.5 சதவீதம், அது 14.04. டிப்ஸ் 20 சதவீதம், அது 43.20. ஆக 273 டாலருக்கு மேல். மெனுவில் பார்த்த 90-ஐ மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு பில் வரும்போது முகம் மாறிவிடுகிறது. திருமண நாளன்று அது தேவையா?

இரண்டையும் பிரித்துவிடுங்கள். பாலினேசியன் ஹோட்டலில் கோனா கஃபே இருக்கிறது. அங்கே நீங்கள் கேட்ட பதார்த்தத்துக்கு மட்டும்தான் பில், ஒரு பிரதான உணவையும் ஒரு சுஷியையும் பகிர்ந்துகொண்டு எழுந்தாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் கீழே இறங்கினால் அந்த ஹோட்டலின் மணல் கரை. ஏரிக்கு அப்பால் கோட்டை, அதற்கு மேலே வாணவேடிக்கை, எல்லாம் இலவசம். அதே ஏரியில் எலெக்ட்ரிகல் வாட்டர் பேஜண்ட் என்று விளக்குகளால் ஆன கடல் பிராணிகள் மிதவைகளில் ஊர்வலமாக வரும். 1971 அக்டோபரில், டிஸ்னி வேர்ல்ட் திறந்த மாதத்தில் தொடங்கிய வழக்கம் அது. வெடிச் சத்தமும் கூட்டமும் இல்லாத அந்த ஊர்வலம் எனக்கு வாணவேடிக்கையைவிடப் பிடிக்கும். கூட்டம் அதிகமான நாட்களில் ஹோட்டல் வாசலில் கார்களைத் திருப்பி அனுப்பலாம். உணவக முன்பதிவு கையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மேஜிக் கிங்டமிலிருந்து வருவதானால் ரிசார்ட் மோனோரயிலே போதும்.

15-வது மாடிதான் வேண்டும் என்று மனது கேட்கிறதா? சரி, மாலை 5 மணி வாக்கில் மேசையைப் பதிவு செய்யுங்கள். வெளிச்சத்தோடு நிதானமாகச் சாப்பிடலாம். அன்றைய பில்லைக் காட்டினால் வாணவேடிக்கை நேரத்தில் திரும்பி வந்து மாடியில் நின்று பார்க்க விடும் வழக்கம் அங்கே உண்டு. அன்றைக்கும் அப்படித்தானா என்று சாப்பிடும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்குக்குள் இருக்கிற உணவகத்துக்காக டிக்கெட் வாங்குவது

ஒரு நாள் நுழைவுச்சீட்டு தலைக்கு 100 டாலருக்கு மேல். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அதைச் செலவழிப்பது வீண். ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களுக்கு டிக்கெட்டே தேவையில்லை. உங்கள் திட்டத்தில் எப்காட் என்ற பார்க் ஏற்கெனவே இருந்தால் அது வேறு கதை. மெக்சிகோ அரங்கில் இருக்கும் சான் ஏஞ்சல் இன் பிரமிடுக்குள்ளே அமைந்தது, நண்பகலிலும் அங்கே அந்தி வெளிச்சம்தான், பக்கத்தில் படகுகள் போய்க்கொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்தாலும் திருமண நாள் களை குறையாது.

இருட்டிய பிறகு சனாவுக்குப் போவது

பட்ஜெட்டில் ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் நான் தயங்காமல் சொல்வது சனா. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் இருக்கிறது. ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் கலந்த சமையல். பெரிய ஜன்னல்களுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். பிரெட் சர்வீஸ் என்று குல்சா, நான் போன்ற ரொட்டிகளோடு சட்னி, ஊறுகாய், ராய்தா வகைகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை ஒன்று வாங்கி, கூடவே ஒரு பிரதான உணவைப் பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் வயிறு நிறையும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சாலட் தட்டோடு திருப்திப்பட வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

ஆனால் முன்பதிவு செய்கிறவர்கள் "டின்னர்தானே" என்று இரவு 8 மணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிசம்பரில் ஆர்லாண்டோவில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். ஜூனில் எட்டரை மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும். எந்த மாதம் வருகிறீர்களோ அந்த மாதத்துச் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மேசையைப் பதிவு செய்யுங்கள். குளிர்காலம் என்றால் மதியமே போய்விடுங்கள்.

மிக்கி மேசைக்கு வரும் விருந்து

பிள்ளைகளோடு போங்கள். இன்றைக்கு வேண்டாம்.

டைனிங் பிளானில் இரண்டு கிரெடிட்டை ஒரே இரவில் கரைப்பது

சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி, வேளைக்கு இத்தனை கிரெடிட் என்று கழித்துக்கொள்ளும் டைனிங் பிளான் எடுத்தவர்கள் கவனிக்க. சிக்னேச்சர் என்று வகைப்படுத்திய உயர்தர உணவகங்களில் ஒரு சாப்பாட்டுக்கு ஆளுக்கு இரண்டு டேபிள் சர்வீஸ் (உட்கார்ந்து சாப்பிடும்) கிரெடிட் கழியும். மறுநாள் உட்கார்ந்து சாப்பிடக் கிரெடிட் இல்லாமல் கையிலிருந்து கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிப்ஸ் அந்தப் பிளானில் சேராது என்பதும் பலருக்கு பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு ஹோட்டலுக்கு நேர் பஸ் இருக்கும் என்று நம்புவது

இல்லை. ஏதாவது ஒரு பார்க்குக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கோ போய் பஸ் மாற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். புடவையும் ஹீல்ஸுமாகக் கோடைகாலத்து மாலை மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அன்றைக்கு எந்தப் பார்க்கில் இருக்கிறீர்களோ அதற்கு நேர் வழி உள்ள ஹோட்டலில் சாப்பிடுங்கள். மேஜிக் கிங்டம் என்றால் மோனோரயில் ஹோட்டல்கள். எப்காட் என்றால் பின்வாசல் வழியே நடந்தே போர்டுவாக் ஹோட்டல். சாப்பிட்ட பிறகு அங்கே நீரோரமாக உலாவவும் காசு வேண்டாம்.

இலவச கேக்கை எதிர்பார்ப்பது

திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் குத்திக்கொள்ளும் பேட்ஜ் இலவசம். ஹோட்டல் வரவேற்பிலோ பார்க்கின் கெஸ்ட் ரிலேஷன்ஸிலோ கேட்டு வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள். இனிப்பு வந்தால் அவர்கள் அன்பு, வராவிட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

"இடமில்லை" என்று வந்ததும் கைவிடுவது

இங்கேதான் பலர் பதறிப்போய், கையில் கிடைத்த விலை உயர்ந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான உணவகங்களில் 2 மணி நேரம் முன்புவரை ரத்து செய்தால் அபராதம் இல்லை, அதற்கு மேல் தாமதித்தாலோ வராமல் போனாலோ தலைக்கு 10 டாலர். முன்கூட்டியே பணம் கட்டும் இடங்களுக்கு விதி வேறு. இந்த 2 மணி நேர விதியால் முந்தின நாள் இரவிலும் அன்றைய மதியத்திலும் மேசைகள் காலியாகிக்கொண்டே இருக்கும். டிஸ்னியின் செயலியில் இரண்டு பேருக்கு என்று போட்டு அவ்வப்போது தேடுங்கள், பெரிய குடும்பங்களுக்குக் கிடைக்காத மேசை இருவருக்குக் கிடைத்துவிடும். இடம் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் வெளியாட்களிடம் போகாதீர்கள். அப்புறம், புதிய மேசை உறுதியானதும் பழைய முன்பதிவை அந்த நிமிடமே ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த 20 டாலர் உங்கள் கார்டில் ஏறிவிடும்.