கூரைக் கரியில் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணை வீடுகளைப் பார்க்கக் கிளம்பும்போது கேமரா மறந்தாலும் டார்ச்சை மறக்கமாட்டேன். முகப்பைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். வீட்டின் கதையோ கூரைக்குள் இருக்கிறது.

பார்த்துப் பழக நல்ல வீடு, பேலீஃப். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் பகுதியில் கட்டியது. அங்கே நீர்த்தேக்கம் வரவிருந்ததால், 1960களின் இறுதியில் கட்டை கட்டையாகப் பிரித்து, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள்.

வெளியே முதலில் இறவாரத்தைப் பாருங்கள். இரு முனைகளிலும் மாடி முன்னே துருத்தி நிற்கும். நடுக்கூடத்துக்கு மாடியில்லை, அதன் சுவர் உள்வாங்கியிருக்கும். மேலே ஓடுவது ஒரே கூரை என்பதால், அந்த இடைவெளியில் வளைந்த கட்டைகள் இறவாரத்தைத் தாங்கும். இது வீல்டன் பாணி.

உள்ளே குனிந்து போங்கள். என் நெற்றி பட்ட பாடு போதும். கூடத்தில் நின்று டார்ச்சைக் கைமரங்களில் அடியுங்கள். கன்னங்கரேலென்று இருக்கும். முதல்முறை நான் தீ விபத்து என்றே நினைத்தேன். தீயில் கருகிய மரம் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இதுவோ விறகடுப்புச் சமையலறையின் பரண்போல் சீராகக் கரி படிந்தது. அன்று புகைபோக்கி கிடையாது. தரை நடுவில் நெருப்பு, மேலே புகை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பல வீடுகளில் புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு நடுவே மாடியும் போட்டுவிட்டார்கள். அங்கெல்லாம் பரணில் ஏறித்தான் கரியைத் தேடவேண்டும்.

கூடத்தின் ஒரு கோடியில் இரண்டு கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ரொட்டி வைக்கும் பேன்ட்ரி, மற்றது பட்டரி. பெயரைக் கேட்டு வெண்ணெய் தேடாதீர்கள். அது பானப் பீப்பாய்களின் அறை. எதிர்க்கோடி எஜமானர் பக்கம். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, ஓக் கம்பிகளும் மரக்கதவுகளும்தான். சுவர் நமக்குப் பழகியதுதான்: வரிச்சு கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பியது. சட்டங்களில் கறுப்புச் சாயம் கண்டால் அதை இடைக்காலம் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம்.

நான் அதிக நேரம் நிற்பது மூட்டுகளின் அருகில். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கை, அதாவது கழுந்தை, அடுத்த மரத்தின் துளையில் செருகி, குறுக்கே ஓக் முளை அடித்திருப்பார்கள். முளை போகும் ஓட்டையைக் கழுந்தில் மட்டும் வேண்டுமென்றே சற்றுத் தள்ளித் துளைத்திருப்பதால், முளை இறங்க இறங்க மூட்டு இறுகும். பச்சை மரம் காய்ந்தபின் இன்னும் கெட்டி. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்: முளைக்கு அருகே கீறல்கள் தெரியும். ரோம எண்கள். தச்சர்கள் சட்டத்தைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டு, பிரித்து, மனையில் தூக்கி நிறுத்தினார்கள். நான்கு என்றால் பெரும்பாலும் நான்கு நேர்க்கோடுகள். ஒரே எண் உள்ள இரண்டு மரங்கள் ஒரு ஜோடி.